பதினஞ்சு விழணும்

உங்க டோக்கன் என்னுங்க? நாப்பத்தாறா? அப்ப எனக்கு அடுத்ததுதான், எனக்கு நாப்பத்தஞ்சு. உக்காருங்க, இப்பத்திக்கு நடக்காது. கம்ப்யூட்டர் நின்னு போச்சாம். கொரியர் கவுண்டர்ல இருக்கற அந்தப் புள்ள மூணு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணிப் பாத்துருச்சு. அதா, அந்த ரேக்குல ரெண்டாவது தட்டு, ஓரத்துல நசுங்கியிருக்குதே காக்கி அட்டை, அதுதானுங்க என் பார்சல். கண்ணு முன்னாடி இருக்குது. ஆனா கம்ப்யூட்டர்ல ஏறாமக் குடுக்க முடியாதுங்கறா. சரிதானுங்க, முறைன்னா முறைதான். முன்னாடி ஒருத்தர் கத்தீட்டுப் போனாரே, பாத்தீங்களா? நான் அந்த ரகம் இல்லை. இத்தனை நாள் இருந்தாச்சு, இன்னும் அரைமணி நேரத்துல என்ன வந்துரப் போகுது.

நீங்க எதுக்குங்க வந்தீங்க? மிக்ஸி ஜாரா. அது வந்தே ஆகோணும், இல்லேன்னா வீட்டுல சட்னி நின்னு போகும். எனக்கு ஒரு புஸ்தகமுங்க. விளையாட்டுப் புஸ்தகம். சிரிக்காதீங்க. நாப்பத்தெட்டு வயசுல என்ன விளையாட்டுன்னு ஊட்டுக்காரியும் பதினாலு வருஷமாக் கேட்டுட்டுத்தான் இருந்தா. இப்பக் கேக்கறதில்லை. இப்ப ஞாயித்துக்கிழமை மத்தியானம் நான் ஊட்டுல சும்மா உக்காந்திருக்கறதைப் பாத்துட்டு, எங்கயாச்சும் போயிட்டு வாங்கன்னு அவளே தாட்டி விடறா.

சீட்டாட்டமும் இல்லை, செஸ்ஸும் இல்லைங்க. மேசையச் சுத்தி நாலு பேரு உக்காந்து பேசறதுதான் ஆட்டம். ஆளுக்கு ஒரு வேஷம். ஒருத்தன் மாடு ஓட்டறவன், ஒருத்தி வைத்தியம் பாக்கறவ, இப்படி. நாடகம் மாதிரி, ஆனா வசனம் முன்னாடியே எழுதி வெச்சிருக்காது. "மழை வருது, பாலம் ஆடுது, என்ன பண்றீங்க?"ன்னு ஒருத்தன் கேப்பான். அவனுக்கு மாஸ்டர்னு பேரு. அது நானு. அவங்க இன்னது பண்றோம்னு சொல்லுவாங்க. சொன்னது நடக்குதா இல்லையான்னு டைஸ் சொல்லும். தாயக்கட்டை தெரியுமில்லீங்க, அந்த மாதிரி, ஆனா இதுக்கு இருவது பக்கம். இதா, சட்டைப் பையிலயே கிடக்குது பாருங்க. ஆட்டம் நின்னு ஒண்ணேகால் வருஷமாச்சு, இதை மட்டும் வெச்சுட்டுத் திரியறேன்.

வெளிநாட்டு ஆட்டமுங்க, பேரு வாயில நுழையாது. மலைக்கணவாய் ஒண்ணைத் தாண்டி அந்தப் பக்கம் போய்ச் சேரோணும், அதுதான் கதை. அதனால நாங்க கணவாய்னே சொல்லுவோம். அதை எங்களுக்குக் கொண்டு வந்தவன் திருமூர்த்தி. என் கூடப் படிச்சவன். காந்திபுரத்துல ஜெராக்ஸ் கடை வெச்சிருந்தான். எவனோ காலேஜுல படிக்கறவன் காப்பி எடுக்கக் கொண்டு வந்த புஸ்தகம். இவன் புரட்டிப் பாத்தான், புடிச்சுப் போச்சு, தனக்கும் ஒரு காப்பி போட்டு ஸ்பைரல் பைண்டிங் பண்ணிப்போட்டான். தப்புத்தானுங்க. அதனாலதான் இந்தத் தடவை நான் ஒரிஜினலே ஆர்டர் பண்ணினேன்.

நானு, திருமூர்த்தி, பேங்குல இருக்கற கிளமென்டு, அப்பறம் பெனாசிரு. அது மெடிக்கல் ஷாப்புல இருக்குது, எங்களை விடப் பத்து வயசு சின்னப் புள்ள, எல்லாரையும் அண்ணான்னுதான் கூப்பிடும். ஞாயித்துக்கிழமை ரெண்டு மணிக்குக் கிளமென்டு ஊட்டு மாடியில கூடுவோம். ஆறு மணிக்கு எந்திரிப்போம். பதினாலு வருஷத்துல நாங்க ஆடாத ஞாயிறுன்னு பாத்தா, கல்யாணம் காதுகுத்து, தேர்தலு, கொரோனா, அவ்வளவுதான்.

என்னை எதுக்கு மாஸ்டர் ஆக்குனாங்கன்னு கேளுங்க. நான் இங்க கணபதியில ஒரு பம்ப் கம்பெனில குவாலிட்டி பாக்கறேன், இருவத்திரெண்டு வருஷமா. பம்புக்குள்ள சுத்தற ஷாஃப்டு என் டேபிளுக்கு வரும். அளப்பேன். சரியா இருந்தா பச்சைப் பெயிண்டு, ஒரு முடி அளவு தப்புன்னா சிவப்பு. மொதலாளியோட மச்சினன் பட்டறையில இருந்து வந்த லோடுக்கே சிவப்பு அடிச்சவனுங்க நானு. "நாச்சிமுத்து டேபிளைத் தாண்டிருச்சுன்னா அப்பறம் யாரும் அளக்க வேண்டியதில்லை"ம்பாங்க. அதனாலதான். டைஸு வாங்கினாக்கூட நான் உப்புத்தண்ணியில மெதக்க விட்டுப் பாப்பேன். டம்ளர்ல உப்பு நெறையக் கலக்கிப் போட்டா மெதக்கும். சுண்டிச் சுண்டி விடோணும். ஒரே நம்பரு திரும்பத் திரும்ப மேல வந்தா அது கோணல். தூக்கி வீசிப்போடுவேன். இது கோணல் இல்லாததுங்க. உருட்டறதும் எவர்சில்வர் தட்டுல, மேசை நடுவுல, எல்லாரு கண்ணு முன்னாடியும். கலகலன்னு சத்தம் வரும். ஒளிவு மறைவு கிடையாது.

அந்த ஆட்டத்துல சாவுக்குன்னு ஒரு விதி இருக்குதுங்க. எண்பத்தெட்டாம் பக்கம். ஒவ்வொரு ஆளுக்கும் தெம்பு இவ்வளவுன்னு ஒரு நம்பரு. அடி பட்டாக் குறையும். பூஜ்யத்துக்கு வந்துட்டா ஆளு விழுந்துட்டான். அப்ப மாஸ்டர் ஒரே ஒரு தடவை டைஸ் உருட்டோணும். பதினஞ்சோ அதுக்கு மேலயோ விழுந்தாப் பொழைச்சான். அதுக்குக் கீழன்னா செத்தான். ரெண்டாந்தடவை கிடையாது. மந்திரம் போட்டு எழுப்பறது, அதெல்லாம் கிடையாது. செத்தவன் செத்தவன்தான். கிளமென்டுக்கு அந்த மாதிரி நாலு ஆளு போயிருக்கறாங்க. பெனாசிருக்கு ரெண்டு. போனா நான் ஒரு வெத்துத் தாளை எடுத்துக் கையில குடுப்பேன். புது ஆளு பேரை எழுதி ஆட்டத்துக்கு வந்தரோணும். அழுகாச்சி கிடையாது.

திருமூர்த்தியோட ஆளு மட்டும் பதினாலு வருஷமும் சாகலைங்க. செங்கோடன்னு பேரு. பொதிமாடு ஓட்டறவன். சண்டை போடத் தெரியாது. எவனாச்சும் கத்தியோட வந்தா மாட்டுக்குப் பின்னாடி போய் நின்னுக்குவான். ஆனா பாதை தெரியும், மழை எப்ப வரும்னு தெரியும், கூட வர்றவங்களுக்குக் கஞ்சி காச்சிக் குடுப்பான். அவன் முதுகுல ஒரு மூட்டை. அதுக்குள்ள என்னடா இருக்குதுன்னு கேட்டா, "கணவாயைத் தாண்டட்டும் நாச்சி, அந்தப் பக்கம் போய்ப் பிரிச்சுக் காட்டறேன்"ம்பான். பதினாலு வருஷமும் அதே பதிலு. அந்த மூட்டைக்கு நான் பன்னண்டு எடைன்னு கணக்கு வெச்சிருந்தேன். ஒவ்வொரு தடவை மேடு ஏறும்போதும் அந்தப் பன்னண்டைக் கழிச்சுத்தான் அவன் எத்தனை தூரம் நடப்பான்னு பாப்பேன். விட்டுக் குடுத்ததில்லை.

போன வருஷத்துக்கு முந்துன தீபாவளிக்கு அவனுக்கு வவுத்து வலின்னாங்க. கணையத்துல கட்டி. அந்தக் கட்டி வந்தா ரொம்ப நாளு இல்லைன்னு பெனாசிரு என்கிட்டத் தனியாச் சொல்லுச்சு. அந்தப் புள்ளைக்கு மருந்து கிருந்து தெரியுமில்லீங்க. நான் ம்னு கேட்டுக்கிட்டேன்.

ஊசி போட்ட வாரத்துலகூட அவன் ஞாயித்துக்கிழமை வந்துருவானுங்க. கிளமென்டு ஊட்டுக்குப் பதினெட்டுப் படி. ஆறாவதுல ஒருக்கா, பன்னண்டாவதுல ஒருக்கா உக்காந்து எந்திரிச்சு வருவான். அவன் சம்சாரம் சுகந்தி கீழ ஸ்கூட்டிகிட்ட நின்னுட்டு, மேல ஏறுன சத்தம் கேட்டப்பறம்தான் போகும். நான் ஆஸ்பத்திரிக்குப் போனதில்லைங்க. ஞாயித்துக்கிழமைதான் பாத்துக்கறமே. அங்க போய் என்ன பேசறது? எப்படிடா இருக்கறேன்னு கேக்கறதா? இங்க வந்தா, செங்கோடன் இப்ப என்ன பண்றான்னு கேக்கலாம். அது எனக்குக் கேக்க வரும்.

அந்த மாசி மாசந்தானுங்க புதுப் பதிப்புப் பேச்சு வந்துச்சு. அந்த ஆட்டத்துக் கம்பெனிக்காரன், என்னென்ன மாத்தலாம்னு ஆடற ஆளுங்ககிட்டயே கேட்டிருந்தான். ஆளாளுக்கு ஒண்ணு எழுதுனாங்க. சாவுக்கு மூணு வாய்ப்புக் குடுன்னு கொஞ்சம் பேரு. கூட இருக்கறவங்க தங்க தெம்புல பாதியைக் குடுத்து எழுப்பலாம்னு வையின்னு கொஞ்சம் பேரு. நானும் எழுதினேன், பதினோரு பக்கம். கிளமென்டுதான் இங்கிலீஸ்ல போட்டுக் குடுத்தான். மூட்டை எடைக் கணக்கை இன்னும் கறாராக்கு, எண்பத்தெட்டாம் பக்கத்துல மட்டும் கை வைக்காதே. இதுதான் அதோட சாரம்.

முன்னோட்டமாக் கொஞ்சம் பக்கத்தை வெளியிட்டிருந்தாங்க. அதுல ஒரு பக்கத்தை மட்டும் திருமூர்த்தி காப்பி எடுத்துட்டு வந்தான். கூடவே ஒரு அட்டை. ஜெராக்ஸ் பேப்பர் வர்ற பெட்டி இருக்குமில்லீங்க, அதை வெட்டி மூணா மடிச்சுத் தட்டி மாதிரி நிக்க வெச்சான். வெளிப்பக்கம் பூராவும் பேனாவுல மலை வரைஞ்சிருந்தான். கை நடுங்கறதால மலையெல்லாம் கொஞ்சம் கொசகொசன்னு இருந்துச்சு.

"புதுசுல இப்படி ஒண்ணு வருதாம் நாச்சி. மாஸ்டர் முன்னாடி வெச்சுக்கோணுமாம். டைஸு இதுக்குப் பின்னால விழுகும். என்ன விழுந்துச்சுன்னு மாஸ்டருக்கு மட்டுந்தான் தெரியும்"ன்னான்.

"எதுக்குடா?"ன்னேன்.

"சும்மாதான். ஒரு மாத்தம் இருக்கட்டுமே."

எனக்குச் சுருக்குன்னு ஆயிருச்சுங்க. "பதினாலு வருஷமா நடுமேசையில உருட்டறேன். இப்ப எதுக்கு ஒளிச்சு உருட்டோணும்? நான் என்ன திருடனா?"ன்னேன்.

"ச்சே, அதுக்கில்லடா."

"பின்ன எதுக்கு? புதுசு வரட்டும். அதுல இப்படித்தான்னு போட்டிருந்தா அப்ப ஆடலாம். வர்ற வரைக்கும் பழசுதான்."

"எப்ப வரும்?"

"ஒண்ணரை வருஷம் ஆகும்ங்கறாங்க."

அவன் சிரிச்சான். "ஒண்ணரை வருஷமா. சரி, பாக்கலாம்"ன்னான். அவனுக்கு எப்பவுமே அவசரமுங்க, எதையும் வந்தவொடனே ஆடிப் பாத்தரோணும். அப்படித்தான் நான் நெனச்சேன். அந்த அட்டையை மடிச்சு மேசைக்குக் கீழ வெச்சேன். பெனாசிரு என்னையே பாத்துட்டு இருந்துச்சு. கிளமென்டு டீ போடறேன்னு எந்திரிச்சுப் போயிட்டான்.

டீன்னதும் ஞாபகம் வருது, நீங்க ஒரு டீ குடிக்கறீங்களா? வேண்டாமா. சரி. கம்ப்யூட்டர் வந்துருச்சாட்டங்குது, ஏதோ சுத்துது பாருங்க. சுத்தட்டும்.

ஆனி மாசம் ரெண்டாவது ஞாயிறு. கணவாய் உச்சிக்கு வந்துட்டாங்க. இன்னும் மூணு வாரம் ஆடியிருந்தா அந்தப் பக்கம் எறங்கியிருப்பாங்க. கடைசியில ஒரு கயித்துப் பாலம். பெனாசிரு ஆளும் கிளமென்டு ஆளும் தாண்டுற வரைக்கும் கயித்தைப் புடிச்சுட்டு நிக்கறது யாருன்னு கேட்டேன். "செங்கோடன் புடிச்சுக்கறான்"ன்னான் திருமூர்த்தி. அன்னைக்கு அவன் பேசறதே காத்து மாதிரிதான் வந்துச்சு. அவனுக்கு முதுகுக்கு ரெண்டு தலகாணி வெச்சிருந்தோம். அவங்க ரெண்டு பேரும் தாண்டிட்டாங்க. அந்த எடத்துல மேல இருந்து ஒரு கல்லு உருளோணும்னு நான் ரெண்டு மாசத்துக்கு முன்னாடியே நோட்டுல எழுதி வெச்சிருந்தேன். எழுதுனதை மாத்த முடியுங்களா? கல்லு உருண்டுச்சு. அதுக்குத் தெம்புல ஒம்பது குறையோணும். செங்கோடனுக்கு மிச்சம் இருந்த தெம்பு ஏழு. விழுந்துட்டான்.

தட்டை நடுவுல இழுத்து வெச்சேன். டைஸைக் கையில எடுத்தேன். இப்பச் சொல்றதைக் கொஞ்சம் கேளுங்க, இதுதான் எனக்கு அவங்க மேல இருக்கற வருத்தமே. பதினாலு வருஷத்துல அந்த மாதிரி ஒரு உருட்டு வந்ததில்லை. எல்லாரும் கண்ணு வெச்சுப் பாக்க வேண்டிய நேரம். நான் உருட்டுறேன், அந்த நேரம் பாத்து பெனாசிரு "அடுப்பை அமத்தலைன்னு நெனைக்கறேன்"னு எந்திரிச்சுச் சமையக்கட்டுக்குப் போகுது. அடுப்பே அன்னைக்குப் பத்த வைக்கலைங்க. டீ கடையில இருந்து வாங்கி வந்தது. கிளமென்டு செல்லைக் காணோம்னு திரும்பி ஜன்னலுக்கிட்டத் தேடறான். செல்லு மேசை மேல, அவன் கைக்கிட்ட இருக்குது. திருமூர்த்தியைப் பாத்தா, அவன் கண்ணை மூடிட்டு உக்காந்திருக்கறான். மருந்து மயக்கம்னு நெனச்சேன்.

தட்டுல சத்தம் நின்னு போச்சு. பாத்தேன். நாலு.

சித்த நேரம் யாரும் திரும்பலை. சமையக்கட்டுல ஒரு சத்தமும் இல்லை. நான் என்ன பண்ணினேன் தெரியுங்களா? "எல்லாரும் வாங்க, வந்து பாருங்க, நாளைக்கு ஒரு பேச்சு வரக்கூடாது"ன்னு கூப்பிட்டேன். டைஸைத் தொடாம அப்படியே வெச்சிருந்தேன். பெனாசிரு வந்து பாத்துச்சு. கிளமென்டு வந்து பாத்தான். படியிறங்கிக் கீழ போயிட்டான்.

திருமூர்த்தி கண்ணைத் திறந்து, "என்ன விழுந்துச்சு நாச்சி?"ன்னான்.

"நாலுடா."

"நாலா." அவன் தட்டை எட்டிக்கூடப் பாக்கலைங்க. "சரி. நீ சொன்னாச் சரியாத்தான் இருக்கும். நீ பொய் சொல்ல மாட்டே"ன்னான்.

அன்னைக்கு அது எனக்குப் பெருமையா இருந்துச்சுங்க. பொய் சொல்லக் கூடாதுல்ல, அதனால சொல்றேன். பெருமையாத்தான் இருந்துச்சு.

அப்பறம் முறைப்படி மூட்டையில என்ன இருக்குதுன்னு கேட்டேன். செத்தவன் பொருளைக் கூட வந்தவங்க எடுத்துக்கலாம், அதுவும் விதிதான். "அது இருக்கட்டும் நாச்சி"ன்னான். சரின்னுட்டு ஒரு வெத்துத் தாளை எடுத்து அவன் முன்னாடி தள்ளி வெச்சேன். "புது ஆளை எழுதிரு, அடுத்த வாரத்துக்கு"ன்னேன். அந்தத் தாளைக் கையில வெச்சுப் பாத்துட்டே இருந்தான். "ஊட்டுல போய் எழுதறேன்"ன்னான். படி எறங்கும்போது கிளமென்டுதான் திரும்ப மேல வந்து அவனைத் தூக்கிட்டுப் போனான். நான் தட்டையும் நோட்டையும் எடுத்து வெச்சுட்டு இருந்தேன்.

பதினோரு நாளு. அவ்வளவுதானுங்க. அந்தப் பதினோரு நாள்ல ஒரு ஞாயிறு வந்துச்சு, அன்னைக்கு அவன் வரலை. நானும் போய்ப் பாக்கலை. புது ஆளை எழுதிட்டு இருப்பான், தொந்தரவு பண்ண வேண்டாம்னு இருந்துட்டேன்.

கருமாதிக்குப் போனப்ப சுகந்தி ஒரு ஃபைலைக் கொண்டு வந்து குடுத்துச்சு. "அண்ணா, இது உங்க ஆட்டத்துது, அவரு தலமாட்டுல இருந்துச்சு"ன்னுச்சு. ரெண்டு தாளு. ஒண்ணு செங்கோடனோடது. பதினாலு வருஷமா அழிச்சு எழுதி அழிச்சு எழுதி, தாளே துணி மாதிரி ஆயிருச்சு. மூட்டைன்னு ஒரு கட்டம் இருக்குமுங்க. அதுல என்ன எழுதியிருந்தான் தெரியுங்களா? "அந்தப் பக்கம் போனப்பறம் எழுதணும்." அவ்வளவுதான். ஒண்ணுமே இல்லைங்க அந்த மூட்டைக்குள்ள. அவனுக்கே தெரியாது. நான் பன்னண்டு பன்னண்டாக் கழிச்சுட்டு இருந்திருக்கறேன். இன்னொண்ணு நான் குடுத்த புதுத் தாளு. பேருங்கற எடத்துல பேனாவை வெச்ச புள்ளி மட்டும் இருந்துச்சு. ஒரு எழுத்தில்லை.

அன்னைக்குப் பந்தல்ல பெனாசிரு என் பக்கத்துல வந்து நின்னுச்சு. "அண்ணா, அன்னைக்கு நாங்க யாருமே பாக்கலீங்களே அண்ணா"ன்னுச்சு. "அதைத்தாம்மா நானும் சொல்றேன், அந்த நேரத்துல பாக்காம எங்கெங்கயோ போயிட்டீங்க"ன்னேன். அந்தப் புள்ள அழுதுருச்சு. நான் என்னுங்க தப்பாச் சொன்னேன்?

அதுக்கப்பறம் ஆட்டம் இல்லை. கிளமென்டுக்குப் போன் பண்ணினா வேலையா இருக்கறேம்பான். இப்ப உக்கடத்துல பெனாசிரு ஊட்டுல ஆடறாங்களாம். மாஸ்டரு வேற ஆளு. திருமூர்த்தி பண்ணின அந்த அட்டை, மலை வரைஞ்சது, அதைத்தான் முன்னாடி வெச்சு ஆடறாங்களாம். கேள்விப்பட்டேன். கூப்பிடலை. கூப்பிட்டாலும் நான் போக மாட்டேன், ஒளிச்சு உருட்டற எடத்துக்கு.

நான் ஏன் இந்தப் புஸ்தகத்துக்கு இப்படிக் காத்துக் கிடக்கறேன்னு கேக்கறீங்களா? எண்பத்தெட்டாம் பக்கத்தைப் பாக்கோணும். மாத்தியிருக்கறானா இல்லையான்னு பாக்கோணும். மூணு வாய்ப்புன்னு போட்டிருந்தான்னா, அப்ப இத்தனை நாளும் இருந்தது தப்புன்னு ஆகுமில்லீங்க. மாத்தலைன்னா நான் பண்ணினது சரி. நாளைக்கே போய்க் கிளமென்டு முன்னாடி புஸ்தகத்தை விரிச்சு வெப்பேன். இதா பாரு, இப்பவும் இதுதான் விதின்னு. எனக்கு அது போதும்.

நாப்பத்தஞ்சு! என்னைத்தான் கூப்பிடறாங்க. இருங்க, கையெழுத்துப் போட்டு வாங்கிட்டு வந்தர்றேன்.

வந்துருச்சுங்க. நல்ல கனம். உங்களுதுக்கு இன்னும் அஞ்சு நிமிசமாம், உள்ள தேடறாங்க. இந்தச் சாவியில டேப்பைக் கிழிச்சுப்போடலாம். புது வாசனை பாத்தீங்களா. பழசு எங்களுக்கு ஜெராக்ஸ் மை வாசனைதான்.

இங்கிலீஸ் படிப்பீங்களா? நான் படிப்பேன், ஆனா நிதானமாத்தான் வரும், இப்பக் கண்ணு வேற ஒரு மாதிரி இருக்குது. பக்கம் மாறியிருக்குது, நூத்திநாலு. இதா, இந்தப் பத்தி. சத்தமா வேண்டாம், படிச்சுட்டு என்ன போட்டிருக்குதுன்னு மட்டும் சொல்லுங்க. எத்தனை தடவை? ஒரே தடவையா. எவ்வளவு விழணும்? பதினஞ்சு. நல்லாப் பாத்தீங்களா? பதினஞ்சு.

மாத்தலைங்க. ஒரு எழுத்து மாத்தலை. அப்ப நான் பண்ணினது சரிதான்.

சரிதானுங்களே?

பொட்டிக்குள்ள இன்னும் ஏதோ தட்டையா இருக்குது. இருங்க. அட்டை. மூணு மடிப்பு. வெளிப்பக்கம் மலை. அச்சடிச்ச மலை, நல்லா வழவழன்னு வரைஞ்சிருக்கறாங்க. உள்பக்கம் சின்னதா ஒரு வரி இருக்குது, இதையும் படிச்சுச் சொல்லீருங்க. என்னது? "விழுந்தது மாஸ்டருக்கு மட்டுமே தெரியும். அவர் சொன்னதே விழுந்தது." அப்படியா போட்டிருக்குது. சரி.

அவன் சொன்னான். புதுசுல இப்படி ஒண்ணு வருதாம்னு அவன் அன்னைக்கே சொன்னான். பதினஞ்சைக் குறைக்கச் சொல்லலை. மூணு வாய்ப்புக் கேக்கலை. இது ஒண்ணை மட்டும் வெட்டி மடிச்சு, மலை வரைஞ்சு, பதினெட்டுப் படி தூக்கிட்டு வந்தான்.

ஒண்ணு சொல்றேன், யாருகிட்டயும் சொன்னதில்லை. அன்னைக்கு அந்த நாலைப் பாத்தப்ப, பத்தொம்பதுன்னு என் வாய்க்கு வந்துச்சுங்க. சமையக்கட்டுல அந்தப் புள்ள மூச்சைப் புடிச்சுட்டு நிக்கறது எனக்குத் தெரிஞ்சுச்சு. அடுப்புப் பத்த வைக்கலைன்னு எனக்குத் தெரியாதா? செல்லு எங்க இருந்துச்சுன்னு எனக்குத் தெரியாதா? மூணு பேரும் எனக்கு எடம் விட்டாங்க. ஒரு வார்த்தைதான். நான் கூப்பிட்டுக் காட்டினேன். வாங்க, வந்து பாருங்கன்னு, சாகற மனுசன் முன்னாடி, கூப்பிட்டுக் காட்டினேன்.

இந்த டிபன் டப்பா மூடி போதும். பெஞ்சு மேல இப்படி வெச்சு, அட்டையை இப்படி நிறுத்தினா, உங்களுக்குத் தெரியுதுங்களா? தெரியலையில்ல. சரி. டைஸு அதேதான். கோணல் இல்லாதது. செங்கோடன் பாலத்துக்கிட்ட விழுந்து கிடக்கறான். ஒரே தடவை.

சத்தம் கேட்டுச்சுங்களா? நின்னுருச்சு.

இருங்க. எட்டிப் பாக்காதீங்க.

பதினேழுங்க. பதினேழு விழுந்திருக்குது. நான் சொல்றேன், பதினேழு. பொழைச்சுட்டான். எந்திரிச்சு உக்காந்துட்டான், மூட்டையைத் தேடறான். இன்னும் மூணே வாரந்தான், எறங்கிருவான்.

உங்க நம்பரைக் கூப்பிடறாங்க, போய் ஜாரை வாங்கிக்குங்க. நான் இந்த டைஸைக் கையில எடுத்து உள்ள வெச்சர்றேன். அதுவரைக்கும் கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பிக்குங்க. சித்த நேரந்தான்.